கிளட்சுக்குக் கால் எட்டாத ஜீப்பில் திட்டக்குடி வரை

போன வாரம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். யுத்த காலத்து மிலிட்டரி ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து, அதில் குடும்பத்தோடு நெடும்பயணம் கிளம்பப் போகிறாராம். அரை மணி நேரம் ஓட்டினாலே இடுப்பு விட்டுப் போகிறது, சீட்டை என்ன செய்யலாம் என்று பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற இணையக் குழு ஒன்றில் கேட்டிருக்கிறார். வந்த பதிலெல்லாம் ஒன்றேதான்: ஒரிஜினலில் கை வைக்காதே. படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். அந்த ஒரிஜினல் சீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் சரக்கு ஓட்டியவள் நான். பதில் சொன்ன பெரிய மனிதர்களில் யாராவது அதில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததுண்டா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ஆகவே இந்தப் பதிவு. 1971 தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த வியாழக்கிழமை, விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் வழியாகத் திட்டக்குடிக்குப் போய்த் திரும்பிய பயணம் இது. எங்கள் ஜீப்பின் மீட்டர்படி போக இருபத்தொரு மைல், வர இருபத்தொரு மைல். இன்றைய காரில் நீங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவீர்கள். எனக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆனது.

வண்டி எப்படி என் கைக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து விருத்தாசலத்தில் பீங்கான் ஃப்யூஸ் செய்கிற சின்னக் கொட்டகை ஒன்று நடத்தினார்கள். சரக்கைப் பஸ்ஸில் ஏற்றினால் கால்வாசி உடைந்து போய்ச் சேரும். அதற்காகத்தான் மிலிட்டரி ஏலத்தில் கழித்துக் கட்டிய ஜீப்பை என் கணவர் தன் பெயரில் வாங்கினார். ஆறு மாதம் ஓட்டினார். பிறகு சூளைக் கூரையில் ஓடு மாற்றப் போய் விழுந்து, இடது இடுப்பை முறித்துக்கொண்டார். அந்தக் காலால் இனி கிளட்சை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு, அதாவது நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவருக்கு, ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. கூலிக்கு வைத்த இரண்டு டிரைவர்களும் பஸ்ஸைவிட அதிகமாக உடைத்தார்கள். கடைசியில் நான் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, உயரம் நான்கடி பத்து அங்குலம்.

அந்த ஜீப்பில் டிரைவர் சீட் முன்னே வராது, பின்னே போகாது. இரும்புக் குழாயில் ஒரு சட்டம், அதன்மேல் கித்தான் போர்த்திய மெத்தை என்ற பெயரில் ஒரு தட்டை. ஆறடி ஆளுக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். என் கதை நேர் எதிர். சாய்ந்து உட்கார்ந்தால் கால் கிளட்சை எட்டாது. எட்ட வேண்டுமானால் சீட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, முதுகுக்குப் பிடிப்பே இல்லாமல், ஒவ்வொரு கியருக்கும் உடம்பையே முன்னால் தள்ள வேண்டும். கிளட்சை முழுக்க மிதிக்காவிட்டால் முதல் கியர் விழும்போது ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துப் பார்த்தேன். மேடு பள்ளத்தில் அவை நழுவி விழுந்தன. வீட்டுக்கு வந்து நிமிர்ந்து நிற்கப் பத்து நிமிடம் ஆகும்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலேயே பதில் சொன்னார்.

“இது ஆறடி வெள்ளைக்காரனுக்குச் செஞ்ச வண்டிம்மா. நீங்கதான் வளரணும்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய மாமா அன்று மாலையே வீட்டில் வந்து, “நான் அப்பவே சொன்னேன், பொம்பள ஓட்டுற வண்டியா இது? வித்துட்டு பஸ்ஸுலயே போட்டு வுடலாம்” என்றார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரர். எனக்கோ அந்த வண்டி போனால் எல்லாம் போன மாதிரி. வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீமுஷ்ணம், நல்லூர், திட்டக்குடி என்று கடைக்காரர்களோடு நானே பேசி, ஆர்டர் பிடித்து, நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். வண்டி இல்லையென்றால் மறுபடி சமையலறையும் கிணற்றடியும்தான்.

என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் ஒரே ஒருவர், எங்கள் கொட்டகையில் அச்சு செய்கிற ஆரோக்கியசாமி மேஸ்திரி. ஃப்யூஸுக்கு முதலில் ஒரு மாதிரி செதுக்கி, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுப்பது அவர் வேலை.

“நாற்காலி செய்யறவன் நாற்காலியத்தான் அளப்பான். நான் உங்கள அளந்து செய்யறேம்மா” என்றார்.

அளந்த விதத்தைக் கேளுங்கள். ஒரு மரப்பெட்டி நிறையப் பிசைந்த களிமண். மேலே எண்ணெய்த் துணி. எதிரே ஜீப்பில் கிளட்ச் இருக்கிற தூரத்தில் ஒரு செங்கல். “கிளட்ச முழுசா மிதிச்சிக்கினு ஒக்காருங்க, அப்பத்தான் சரியான அளவு வரும்” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். பாலிஷ் போடுகிற பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்க, நான் இருபது நிமிடம் களிமண்ணில் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்துக்கு வெட்கம், இடுப்புக்குச் சுகம். அந்தப் பள்ளத்திலிருந்து மேஸ்திரி அளவுகளை எடுத்தார், தச்சர் மாமரப் பலகையில் செதுக்கினார், மேலே தேங்காய் நாரும் கித்தானும் போட்டுத் தைத்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கினால்தான் பெட்ரோல் போட முடியும். அதனால் புதிய சீட்டுக்குக் கீல் வைத்தார்கள். அந்தக் கீலுக்காகப் பழைய சட்டத்தை வெட்டியாகிவிட்டது.

புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்குச் சீட்டை மாட்டினார்கள். ஏறி உட்கார்ந்தேன். முதுகு சாய்மானத்தைத் தொடவில்லை. விளிம்பு என் முழங்கால் மடிப்புக்குக் கீழே வந்து தடுத்தது. கால் அந்தரத்தில் ஆடியது. பழைய சீட்டில் முக்கால்வாசி எட்டிய கிளட்ச் இதில் பாதிகூட எட்டவில்லை!

மேஸ்திரி அளவுகோலை வைத்துப் பார்த்தார். பதினாறு அங்குலம் இருக்க வேண்டிய ஆழம் பதினெட்டு. எட்டு அங்குலம் இருக்க வேண்டிய உயரம் ஒன்பது. அவர் முகம் செத்துப்போனது.

“எட்டுல ஒரு பங்கு கூட்டிட்டேம்மா.”

“ஏன் கூட்டுனீங்க?”

“கை தானா கூட்டிடுச்சி. மண்ணு காஞ்சி, சூளையில வெந்து வந்தா அவ்ளோ சுருங்கும் இல்ல? எப்பவும் கூட்டித்தானே செய்வோம்.”

“மரம் சூளைக்குப் போவுதா மேஸ்திரி? இல்ல என்னத்தான் சூளையில வெக்கப் போறீங்களா?”

கொட்டகையே அதிரக் கத்தினேன். முப்பது வருடம் எந்தச் சாமானைச் செய்தாலும் சுருக்கத்துக்குச் சேர்த்தே செய்த கை, என் இடுப்புக்கும் சேர்த்துவிட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. மறுநாள் காலை திட்டக்குடிக்குச் சரக்கு போக வேண்டும், பழைய சட்டமோ இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

வியாழன் காலை 6.10க்குக் கிளம்பினோம். பின்னால் வைக்கோல் வைத்து அடுக்கிய பதினான்கு பெட்டி. பக்கத்தில் பெரிய மாமா. என்றும் வராதவர், வெள்ளை வேட்டி சட்டையில், “நானும் வரேன், ஒரு ஆளப் பாக்கணும்” என்று ஏறிக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வழியில் நான்கு லிட்டர் பெட்ரோல், ஐந்து ரூபாய்க்குள். பங்கில் இருந்தவர் குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். நான் இறங்கிச் சீட்டைத் தூக்கிக் காட்டினேன்.

வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் போகிற வண்டியைத் தாண்ட வேண்டுமானால் எதிரே என்ன வருகிறது என்பது வலது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். பெண்ணாடம் சாலை நெடுகக் கரும்பு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் நான் “போலாமா மாமா?” என்று கேட்க வேண்டும். அவர் எட்டிப் பார்த்து, யோசித்து, “போ” என்பதற்குள் எதிரே பஸ் வந்துவிடும். உடனே பிரேக், கிளட்ச், கியர். ஒவ்வொரு கிளட்சுக்கும் நான் சீட்டிலிருந்து முழுசாக எழுந்து, தொங்கி, மிதித்துவிட்டு மறுபடி ஏறி உட்கார வேண்டியிருந்தது. பதினோராவது மைலில் ரயில்வே கேட், பதினான்கு நிமிடம். பெண்ணாடத்தில் இரண்டு டீ, முப்பது பைசா. நான் நின்றபடியே குடித்தேன்.

“ரொம்ப நோவுதா?” என்று கேட்டார் பெரிய மாமா.

“இல்ல” என்றேன். அந்த ஒரு வார்த்தையை அவருக்குக் கொடுத்துவிட்டால் வண்டியே கைமாறிவிடும் என்று பயந்தேன். அது ஏற்கனவே கைமாறியிருந்தது எனக்குத் தெரியாது.

8.15க்குத் திட்டக்குடி. இரண்டு மின்சாமான் கடைகளில் சரக்கை இறக்கினோம். ஒரு ஃப்யூஸ்கூட உடையவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், அன்று யாரும் அதைச் சொல்லவில்லை. பிறகு பெரிய மாமா ஒரு ரைஸ்மில்லுக்கு வழி சொன்னார். மில்காரர் வாசலிலேயே காத்திருந்தார். ஐந்தடி பத்தங்குலம் இருப்பார், நல்ல பருமன். வந்ததும் வராததுமாக என்னை இறங்கச் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. முதுகு சாய்மானத்தில், தொடை பள்ளத்தில், கால் கிளட்சில்.

“அடேங்கப்பா! மிலிட்டரி ஜீப்புல இடுப்பு ஒடியும்னு சொன்னாங்களே, இது சோபா மாதிரி இருக்குது. சீட்டோடதானே குடுக்கறீங்க?”

என் கணவரின் அண்ணன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். விற்க முழுச் சம்மதம் என்று எழுதி, கீழே கையெழுத்து. என் கணவருடையது. எனக்கு நன்றாகத் தெரிந்த, கடைசி எழுத்தை இழுத்துவிடுகிற கையெழுத்து. மில்காரர் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தன் டிரைவரோடு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

எனக்கு அங்கே அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. களிமண்ணில் உட்கார்ந்து, ஊர் சிரிக்க, என் உடம்பைக் கொடுத்து அளந்த சீட். அதில் சுகமாக உட்கார்ந்துகொண்டு ஒரு ஆள் என் வண்டியை வாங்குகிறான்.

“எறங்குங்க” என்றேன்.

“என்னாம்மா?”

“வண்டி எங்க வீட்டுக்காரரு பேருல இருக்குது. சீட்டு நான் செஞ்சது. எறங்குங்க.”

பெரிய மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் டூல் பெட்டியிலிருந்து குறடு ஒன்றை எடுத்து, கீலின் இரண்டு ஆணியையும் பிடுங்கி, சீட்டைத் தூக்கிப் பின்னால் போட்டேன். மில் ஆட்கள் மூட்டையை இறக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காலிப் பெட்டிகளில் வைக்கோல் இருந்தது. இரண்டு கோணிப்பை வாங்கி, ஒன்றில் கெட்டியாக அடைத்து டேங்க் மேல் வைத்தேன். ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். இன்னும் இரண்டு பிடி வைக்கோல் எடுத்தேன். மறுபடி மிதித்தேன். அடிவரை போனது. இன்னொரு கோணியை முதுகுக்குத் திணித்து, இரண்டையும் கயிற்றால் வண்டியோடு கட்டினேன். மொத்தம் பதினைந்து நிமிடம். இரண்டு வருடத்தில் யாருக்கும் தோன்றாதது, எனக்கும் தோன்றாதது, கோபத்தில் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

11.05க்குக் கிளம்பினோம். அடுத்த பஸ் ஒரு மணிக்குத்தான் என்பதால் பெரிய மாமாவும் ஏறினார். ஏறியதும் சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

“மாமா, எனக்குக் கீழ வைக்கோலு, அதுக்குக் கீழ பெட்ரோலு” என்றேன். தூக்கி எறிந்துவிட்டார். நான் சொல்லி அவர் கேட்ட முதல் விஷயம் அதுதான். கரும்பு வண்டிகளைத் தாண்டுவதற்கு நானே எழுந்து எட்டிப் பார்த்துக்கொண்டேன். 12.20க்கு விருத்தாசலம். இறங்கி நேராக நின்றேன்.

வீட்டுக்குள் போனதும் என் கணவரைக் கேட்டேன், கையெழுத்து போட்டீர்களா என்று.

“போட்டேன்.”

“ஏன்?”

“நீ படுற பாட்ட எத்தினி நாளு பாத்துக்கினு இருக்கறது? இடுப்ப புடிச்சிக்கினு நிக்கறப்பல்லாம் எனக்குத் தாங்கல. அண்ணன் காயிதத்தக் கொண்டாந்தாரு. உன் நல்லதுக்குத்தான் போட்டேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எனக்கு வலிக்கிறது என்றால் மாற்ற வேண்டியது சீட்டை. இவர்கள் எல்லோரும் சேர்ந்து டிரைவரை எடுத்துவிடப் பார்த்தார்கள். இதையே நான் அவரிடம் கத்திச் சொன்னேன். சனிக்கிழமை காலை வண்டியில் ஏறுங்கள், நீங்களே வந்து அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்குங்கள் என்றும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்வதற்குமுன், கேட்ட தம்பிக்கும் இப்படி வண்டி வைத்துக்கொண்டு பயணம் கிளம்புகிற மற்றவர்களுக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சீட்டைச் சரிசெய்யும்போது முதலில் கிளட்சை அடிவரை மிதித்தபடி உட்கார்ந்து பாருங்கள், அந்த நிலையில் முதுகு எங்கே இருக்கிறதோ அங்கே சாய்மானம் வர வேண்டும். மெத்தை எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் பிறகு. ஆழம் அதிகமானால் சோபாவும் தண்டனைதான், முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் இடம் விடுங்கள். டேங்க் மூடியை மறைக்கிற மாதிரி எதையும் நிரந்தரமாகப் பூட்டாதீர்கள். வைக்கோலை வைக்கவே வைக்காதீர்கள், எனக்கு அன்று வேறு வழியில்லை, அதிர்ஷ்டமும் இருந்தது. இருபது மைலுக்கு ஒரு முறை இறங்கி நடங்கள். மேஸ்திரி அடுத்த வாரமே சரியான அளவில் இன்னொரு சீட் செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. அதில் ஆறு வருடம் ஓட்டினேன். ஒரிஜினல் போய்விட்டதே என்று யாராவது புலம்பினால், அவரையே அந்த ஒரிஜினலில் உட்கார வைத்துத் திட்டக்குடி வரை ஓட்டச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை என் கணவர் வந்தார். வலது பக்கத்து ஒரிஜினல் சீட்டில், முறிந்த இடுப்போடு. பெண்ணாடம் வருவதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். “இதுல மனுசன் ஒக்காருவானா?” என்றார். நான் கியரை மாற்றினேன். மில்காரர் எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டு, “என்னா சார், மனசு மாறிட்டீங்களா?” என்று கேட்டார்.

“வண்டிய ஓட்டுறது அவங்க. அவங்களக் கேக்காம போட்ட கையெழுத்து அது. செல்லாது, குடுங்க” என்றார் என் கணவர். மில்காரர் உள்ளே போய் அதை எடுத்துவந்து கொடுத்துவிட்டார். இவர் அதை அங்கேயே நாலாகக் கிழித்துவிட்டு, நான் சந்தோஷப்பட்டேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் சந்தோஷப்படவில்லை. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது, மற்றதெல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவ்வளவு அழகாக, அவ்வளவு தெளிவாக ஒரு பேச்சு அவருக்குள் இருந்திருக்கிறது. அண்ணன் காகிதத்தை நீட்டிய அன்று, வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாம்.